ஜைனம்பு கழுவிய கடல்

லெப்பைக்குடிக்காட்டில் நஜீமுதீன் வீட்டு முன்னறைக் கண்ணாடித் தொட்டியில் ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் ஏறியது, இரண்டு முறை இறங்கியது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தண்ணீர் விளிம்பைத் தாண்டி நான்கு விரற்கடை உயர்ந்து நிற்கும். ஒரு சொட்டு கீழே சிந்தாது. முதல் வாரம் ஊரே வந்து பார்த்தது. இரண்டாம் வாரம் சின்ன வெங்காயத்தின் விலை விழுந்ததால் பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. அதற்குப் பிறகு தெருவில் அதைக் கடிகாரமாக வைத்துக்கொண்டார்கள். "கடல் எறங்குறதுக்குள்ள பால் வாங்கிட்டு வந்துடு" என்று பிள்ளைகளை விரட்டினார்கள்.

வெளிநாட்டில், தம்மாமில் ஓர் அலங்கார மீன் கடையில் இருபத்தொரு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர் நஜீமுதீன். பெரம்பலூர் டவுனில் கேட்பவர்களுக்குப் பவளத் தொட்டி அமைத்துக் கொடுத்துப் பிழைக்கலாம் என்பது அவருடைய கணக்கு. "எந்தொட்டி நல்லா இருந்தாத்தான் நாலு பேரு கேப்பான். இது நின்னா நானும் இங்கயே நிக்கிறேன், செத்தா டிக்கெட் போட்டுர்றேன்" என்று மனைவி ஜைனம்பிடம் சொல்லியிருந்தார். அவளுக்கு மீனும் வேண்டாம், பவளமும் வேண்டாம். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து போன மனுஷன் தினம் மூன்று வேளை எதிரில் உட்கார்ந்து சோற்றைக் குறை சொன்னால் போதும்.

தொட்டிக்கு மணல் கொடுத்தவர் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் ராசாங்கம். "எங்க கொல்லையில கொத்துனா கிளிஞ்சலாத்தான் வருதுங்க பாய். ஒரு காலத்துல அரியலூரே கடலாம்ல" என்று மூன்று மூட்டை இறக்கிவிட்டுப் போனார். நான்கு விரற்கடைக் கனத்துக்குப் பரப்பிய அந்த மணல் முதலில் பழுப்பேறியது. பிறகு அதற்குள் நூல்போலப் புழுக்கள் நெளிந்தன. யாரும் வாங்கிவிடாத நத்தைகள் ஊர்ந்தன. நாற்பத்தோராம் நாள் கடல் ஏறியது. நஜீமுதீன் ஆச்சரியப்படவில்லை. "பழைய மண்ணு, ஞாபகம் வந்துருச்சு" என்றார்.

நம்பர் போட்டுக் கடிதம் எழுதுவது தம்மாம் காலத்துப் பழக்கம். ஒன்று, நலம், நலமறிய ஆவல். இரண்டு, கேஸ் டியூபைப் பார்க்கவும். அது பத்து வரி ஓடும். புதிதாகக் கிடைத்த இரண்டு ஆர்டருக்குக் கண்ணாடி எடுக்க மூன்று நாள் சென்னைக்குப் போனபோதும் ஃபிரிட்ஜில் ஒரு கடிதம் ஒட்டிவிட்டுப் போனார். ஒன்று, தீனி ஒரு சிட்டிகைதான். இரண்டு, தண்ணீர் வற்றினால் நல்ல தண்ணீர் மட்டும் ஊற்றவும், உப்புப் போட வேண்டாம். மூன்று, மோட்டாரை நிறுத்தக் கூடாது. நான்கு, மணல் சுத்தமாக இருக்க வேண்டும்.

சுத்தம் என்ற சொல்லை ஜைனம்பிடம் யோசிக்காமல் சொல்லக் கூடாது. அவள் வீட்டுத் தரையில் இலை இல்லாமல் சாப்பிடலாம் என்று தெருவில் கேலி உண்டு. பெருநாளுக்கு வேறு ஐந்து நாள்தான் இருந்தது. மீன்களை வாளிக்கு மாற்றினாள், மணலை அண்டாவில் அள்ளினாள், பிரியாணி அரிசி களைவதுபோல ஏழு தண்ணீர் விட்டுக் களைந்தாள். களைந்த தண்ணீரை வீணாக்குவது அவள் வழக்கமில்லை. தென்னைக்கு உப்பு நல்லது என்பதால் அத்தனையும் கொல்லைத் தென்னையின் தூரில் கொட்டினாள். மணல் சீனிபோல வெளுத்தது. அதைத் தொட்டியில் திரும்பப் பரப்பி மீன்களை விட்டாள். அன்று மதியம் கடல் ஏறவில்லை.

ஊர் திரும்பிய நஜீமுதீன் தொட்டியைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார்.

"நீ அழுக்குன்னு கழுவுனது அத்தனையும் உசுரு, ஜைனம்பு. வாரத்துக்கு ஒரு சாண் எடம், மேலாக்கத்தான் தொடணும். அடியக் கிளறவே கூடாது."

"அத எழுத வேண்டியதுதானே மச்சான்? கேஸ் டியூபுக்கு மட்டும் பத்து வரி எழுதுறீங்க!"

அவர் நான்காம் எண்ணை மறுபடி படித்தார். ராசாங்கம் வேறு மணல் தரத் தயாராக இருந்தார். ஆனால் உயிர் பிடிக்க, தயிருக்கு உறைமோர் மாதிரி, பழைய மணல் ஒரு பிடி வேண்டும். "கடல்லேருந்து அள்ளிட்டு வந்தா?" என்று ஜைனம்பு கேட்டாள். "இது வேற கடலு புள்ள. அது இப்ப எங்க இருக்கு?" என்றார் நஜீமுதீன். பெருநாள் கழிந்து பத்தாம் நாளுக்கு டிக்கெட் போட்டுவிட்டு, பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். ஜைனம்பு அதைத் துடைக்கவில்லை. அந்த வீட்டில் அவள் துடைக்காமல் விட்ட முதல் பொருள் அதுதான்.

பெருநாளன்று காலையில் பக்கத்து வீட்டு மலர்க்கொடி கிண்ணத்தோடு வந்தாள். முந்தின நாள் அவளுக்குக் கொல்லைத் தென்னையில் இரண்டு தேங்காய் பறித்துக் கொடுத்திருந்தார்கள்.

"என்னக்கா, ஒங்க மரம் உப்புப் போட்டே காய்க்குதா? நான் ஒரு கல்லு உப்புப் போடல, சட்னி வாயில வைக்க முடியல."

ஜைனம்பு கொல்லைக்கு ஓடினாள். காற்றே இல்லை, மட்டைகள் மட்டும் ஒரே பக்கமாக மெதுவாகச் சாய்ந்துகொண்டிருந்தன. ஓர் இளநீரை இறக்கிக் காதில் வைத்தாள். உள்ளே அலை அடித்தது. சீவி டம்ளரில் ஊற்றியபோது நூல்புழுக்களும் கடுகளவு நத்தை ஒன்றும் விழுந்தன. யாரையும் கூப்பிடாமல் அதைத் தொட்டி மணலில் சுற்றிச் சுற்றி ஊற்றி, மேலே துண்டைப் போட்டு மூடினாள். "ஒறை குத்தியிருக்கேன். யாரும் அசைச்சிறாதீங்க" என்று வீட்டில் இருந்தவர்களுக்குச் சொல்லிவிட்டுப் பிரியாணிக்கு வெங்காயம் நறுக்கப் போனாள்.

நான்காம் நாள் மணல் பழுப்பேறியது. அவள் கை துணியைத் தேடியது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஒன்பதாம் நாள் மதியம் நஜீமுதீன் பெட்டியில் சட்டை அடுக்கிக்கொண்டிருந்தபோது முன்னறையில் கடல் ஏறியது. அவர் எழுந்து போய்ப் பார்த்தார். திரும்பி வந்து சட்டைகளைப் பீரோவில் வைத்தார். "சோத்துல உப்புக் கம்மி" என்றார். பிறகு கடிதத்தின் நான்காம் எண்ணை அடித்துவிட்டு எழுதினார்: மணல் அழுக்காக இருக்கட்டும், ஜைனம்பு கண்ணை மூடிக்கொள்ளவும்.

அந்த மரத்துக் காயை அரைத்தால் இன்றும் தெருவில் யாரும் குழம்புக்கு உப்புப் போடுவதில்லை. அமாவாசையன்றும் பௌர்ணமியன்றும் அரைத்தால் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கூட்டிக்கொள்வார்கள்.