மேல்வாய்த் தட்டு

"மூக்கை விடு, தங்கபாய். மூக்கைப் பிடிச்சுண்டு பேசினா ஆராய்ச்சி கெட்டுப்போயிடும்" என்று பஞ்சாபகேசன் சொல்லும்போதெல்லாம் அவள் கையை இறக்கிவிடுவாள். ஐந்து மாதமாக இறக்கிக்கொண்டிருந்தாள்.

போன கார்த்திகையில் அவளுடைய மேல்வாயில் ஒரு கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் கீறி, அரித்துப்போன எலும்பை எடுத்த இடத்தில் சுண்டைக்காய் நுழையும் அளவுக்கு ஒரு துளை நின்றுவிட்டது. குடிக்கிற கஞ்சி மூக்கில் வந்தது. அதைப் பொறுத்துக்கொண்டாள். பேச்சுதான் பொறுக்க முடியாததாக இருந்தது. ப சொல்ல உதட்டைச் சேர்த்தால், வாய்க்குள் தேங்கி நிற்கவேண்டிய காற்று துளை வழியாக ஏறி மூக்கால் போய்விடும். ப என்பது ம ஆகிவிடும். அதே மாதிரி த போய் ந வந்தது, ட போய் ண வந்தது. அடிநாக்கு துளைக்குப் பின்னால் போய் முட்டுகிற க மட்டும் தப்பியது. மூக்கைப் பிடித்துக்கொண்டால்தான் மற்ற எழுத்துகள் ஓரளவு விழும். மிஷன் பள்ளிக்கூடத்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அவளை "நங்கமாய் டீச்சர்" என்று கூப்பிட்டன. மானேஜர் அவளை வகுப்புக்குப் போக வேண்டாம் என்று நிறுத்தினார். ஜூன் முதல் திங்கட்கிழமை பள்ளி திறக்கும்போது அவர் முன்னால் மூன்றாம் பாடத்தை வாசித்துக் காட்ட வேண்டும். அவருக்குப் புரியாவிட்டால் அந்த வகுப்புக்கு வேறொருத்தி வருவாள்.

அந்தத் திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள் இருந்தது.

பஞ்சாபகேசன் காலேஜில் பாஷை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எழுத்துகள் வாயில் எப்படிப் பிறக்கின்றன என்று புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். துளையைப் பற்றிக் கேள்விப்பட்டு அவரே ஆள் விட்டு அவளைக் கூப்பிட்டார். "பல் டாக்டர் என்கிட்ட படிச்சவன். துளையை அடைக்க கெட்டி ரப்பர்த் தட்டு ஒண்ணு செஞ்சு தரச் சொல்றேன். அதுவரைக்கும் வாரத்துல ரெண்டு நாள் வந்து வாயைத் திற, போறும்" என்றார். டாக்டர் தை மாதமே அச்சு எடுத்துவிட்டார். தட்டு மதராஸிலிருந்து வரவேண்டும் என்றார் பஞ்சாபகேசன். அவள் நம்பினாள்.

ஸ்ரீவராகத்தில் இருந்த அவர் வீட்டின் முன்னறையில், ஜன்னலோரம் அவளுக்கென்று ஒரு முக்காலி. காம்பு வைத்த சின்னக் கண்ணாடியை அவள் வாய்க்குள் நீட்டி, "அ சொல்லு. இப்போ ம" என்பார். துளை வழியாக அவருக்கு உள்நாக்குக்கு மேலே இருக்கும் மெல்லிய சதை தெரியும். அ சொன்னால் அது மூடி மாதிரி எழும்பித் தொண்டையின் பின்சுவரில் ஒட்டிக்கொள்ளும். ம சொன்னால் தொய்ந்து விழும். "தூக்கறது! இறங்கறது!" என்று அவர் குழந்தை மாதிரி கூவுவார். மேல்வாயில் நாக்கு படும் இடத்தைப் பார்க்கக் கரி பூசவேண்டியிருந்தால், தூரிகையை அவளிடமே கொடுத்துப் பூசிக்கொள்ளச் சொல்வார். வெளியே தென்னை மரத்தடியில் வாய் கொப்பளித்துவிட்டு வரவேண்டும். அவள் தொண்டைக்குழி வரை பார்த்தவர், அவள் கையிலிருந்து தம்ளர் வாங்கமாட்டார்.

அன்று அவர் வீட்டில் இல்லை. "ஸ்டேஷனுக்குப் போயிருக்கார். மதராஸிலேர்ந்து ரெண்டு பேர் வரா, உன் வாயைப் பாக்க" என்றாள் அவர் மனைவி வாலாம்பாள்.

தங்கபாய் மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "தட்டு இன்னும் வரல்லியா அம்மா?"

"எந்தத் தட்டு? கம்பியும் குமிழுமா இருக்குமே, அதா? அது மீனமாசமே வந்துடுத்தே! டிராயர்ல கிடக்கு. நான் எலிப்பொறி சாமான்னு நெனச்சேன்."

பங்குனியில் வந்தது; இப்போது வைகாசி பாதி ஆகிவிட்டது. அந்த வீட்டில் அதுவரை ஒரு பொருளையும் தொடாதவள் நேரே போய் டிராயரை இழுத்தாள். காகிதப் பொட்டலத்தின் மேல் அவள் பெயர் எழுதியிருந்தது. உள்ளே கருஞ்சிவப்புத் தட்டு, நடுவில் ஒரு குமிழ், கடைவாய்ப் பல்லில் மாட்ட இரண்டு கொக்கிகள். வாயில் வைத்து அழுத்தினாள். குமிழ் ஏறவில்லை. இந்த இரண்டு மாதத்தில் ஓரச் சதை கூடி, துளை சுருங்கியிருந்தது. மறுபடி அழுத்தியதில் ரத்தம் கரித்தது.

வாசலில் குதிரைவண்டி நின்றது. கோட்டுப் போட்ட இரண்டு பேருடன் பஞ்சாபகேசன் உள்ளே வந்தார்.

அவள் தட்டை வாயிலிருந்து எடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு நீட்டினாள். "சாரே, இது எப்ப வந்துது?"

"எடுத்துட்டியா? இத்திரி பொறு, சொல்றேன். முதல்ல மூக்கை விடு."

"விடமாட்டேன். எப்ப வந்துதுன்னு கேக்கேன்."

"கோவிச்சுக்காதே. அடைச்சுட்டா நான் எதுவழியா பாக்கறது? உயிரோட இருக்கிற தொண்டைக்குள்ளே இப்படி ஒரு ஜன்னல் யாருக்குக் கிடைக்கும்? இன்னும் ரெண்டே மாசம்."

"திங்கக்கெழம எனக்க வேல போவுது!"

"புஸ்தகத்துல உன் பேரைப் போடறேன், போறுமா?"

வந்தவர்களில் ஒருவர் சிரித்தார். "ஜன்னலுக்குக் கோபம் வந்துடுத்து, ஸார்."

அவள் தட்டை முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கி நடந்தாள். சாலைக் கடைத்தெருவில் சுவாமிதாஸின் இரும்புக்கடை வரை நிற்கவில்லை. அங்கே ஒரு அரம் கேட்டாள்.

"என்ன டீச்சரே, அரமா? எந்தப் பூட்ட ஒடைக்கப் போறிய?" என்றார் சுவாமிதாஸ். தட்டைக் காட்டினாள். அவருக்குச் சிரிப்பு போய்விட்டது. "தாருங்க, நான் ராவித் தாறேன்."

மாட்டேன் என்று தலையாட்டினாள். எங்கே இடிக்கிறது என்பது அவள் நாக்குக்குத்தான் தெரியும். கடையின் பின்பக்கம் உட்கார்ந்து குமிழை அராவினாள். அராவி, கழுவி, வாயில் வைத்து, வலித்த இடத்தை நாக்கால் தேடி, மறுபடி அராவினாள். ஆறாவது தடவை அது போய் உட்கார்ந்தது. உதட்டைச் சேர்த்து ஊதிப் பார்த்தாள். கன்னம் உப்பியது. மூக்கில் காற்று வரவில்லை.

அப்படியே ஸ்ரீவராகத்துக்குத் திரும்பினாள். மூவரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். வாசற்படியில் நின்று, மூக்கைப் பிடிக்காமல், அந்தத் தெருவே கேட்கும்படி சொன்னாள்.

"பட்டப்பகல்ல எனக்க பொழப்பத் திருடிப்போட்டு, புஸ்தகத்துல பேரு போடுவீரோ? படிச்ச புத்தி இதுதானா? ஒம்ம வீட்டுப் பிள்ளைக்கு இப்படி..."

பஞ்சாபகேசனின் முகம் மலர்ந்தது. "கேட்டேளா? பட்டப்பகல்! சுத்தமான ப! ட கூட சிதறலே!" பென்சிலை எடுத்துவிட்டார். "இன்னொரு தடவை சொல்லு தங்கபாய். மெதுவா."

அவர் ஒரு வார்த்தையின் பொருளைக்கூடக் கேட்கவில்லை. அவள் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இவ்வளவு நேரம் சுமந்துவந்த வசவெல்லாம் நாக்கின் மேல் இருந்தது. அதில் ஒரு எழுத்தைக்கூட இவருக்குக் கொடுக்கக்கூடாது என்று தோன்றியது. உதட்டை இறுக்கி மூடினாள். பென்சில் காத்திருந்தது. வாலாம்பாள் கதவிடுக்கில் வந்து நின்றாள். கடைசியில் பஞ்சாபகேசன்தான் கண்ணைத் தாழ்த்தினார்.

அவள் திரும்பி நடந்தாள். தெருமுனை தாண்டி, கோட்டைவாசலும் தாண்டிய பிறகு வாயைத் திறந்தாள். விட்ட இடத்திலிருந்து தொடங்கி, மிச்சமிருந்த வசவு முழுவதையும் உரக்கச் சொல்லிக்கொண்டே போனாள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு த சரியாக விழாத இடத்தில் நின்று, அந்த வசவை மட்டும் திருத்தமாக இன்னொரு முறை சொன்னாள். மூன்றாம் பாடத்தில் த நிறைய வரும்.