முதல் புறா

றமணன் கோசிகாவின் அம்மாவைக் கட்டி ஆறு மாதமாகியும் அந்தப் பன்னிரண்டு வயதுக்காரி அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வேட்டைக்குக் கூட்டிப்போனால் இறங்கிவருவாள் என்று நம்பி, 2009 சித்திரையில் ஒரு ஞாயிறு, எட்மண்டனிலிருந்து தெரிந்தவர் ஒருவரின் பண்ணைக்குக் காரில் கொண்டுபோனான். விதைத்த வயலில் காட்டுப்புறாக்கள் மேய்ந்தன. ஏர்கன் எனும் காற்றுத் துவக்கை அவள் தோளில் பொருத்தி, "மூச்சைப் பிடிச்சுக்கொண்டு சுடு," என்றான்.

முதல் வெடியிலேயே ஒரு புறா சரிந்தது.

"கெட்டிக்காரி. அப்பாவையே மிஞ்சிப்போட்டாய்," என்று பூரித்தான்.

"நீங்கள் என்ர அப்பா இல்லை," என்றாள் கோசிகா. செத்த புறாவைத் தூக்கி அவன் காலடியில் எறிந்தாள். "இனி என்னை ஒரு இடமும் கூப்பிடாதேங்கோ."

வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் பின்சீற்றில் இருந்தாள். கண்ணாடியில் அந்த இறுகிய முகத்தைப் பார்க்கப் பார்க்க, றமணனுக்கும் முதல்தடவையாக அவள்மேல் வெறுப்பு வந்தது.