பறந்தால் செல்லாது

பல் டாக்டர் வீட்டு மொட்டைமாடியில் இருந்த பிளைவுட் விண்கலம் முதன்முதலாகத் தரையை விட்டு எழும்பியபோது, அதற்குள் நின்றிருந்த மெய்ப்பிரதிக் கழகத்தார் அத்தனை பேரும் ஒரு குமிழின் நிறம் ஊதாவா கத்தரிப்பூவா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்ததால், பறந்ததை யாரும் கவனிக்கவில்லை. கவனித்தவள் டாக்டரின் மனைவி மட்டும்தான். டீத் தட்டோடு உள்ளே வந்தவளுக்கு வழிவிட ஒருவரும் நகரவில்லை. அவள் பேருந்து டெப்போவில் டைம்கீப்பர். நகராததை நகர்த்த அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து, வண்டியைக் கிளப்புவதுபோல் இரண்டு தரம் ஊதினாள். கழகத்தார் அசையவில்லை, கலம் அசைந்தது. அது ஒரு தொலைக்காட்சி செட்டின் பிரதி. அப்படிப்பட்ட செட்டுக்கு மூன்று சுவர்தான் இருக்கும், கேமரா நிற்கும் பக்கம் திறந்தே கிடக்கும். அந்தத் திறந்த பக்கமாகப் பார்த்தபோது தண்ணீர்த் தொட்டியின் மூடி காலுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது, பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த போர்வைகள் கைக்குட்டையாகச் சிறுத்தன. "ஏங்க, மாடி கீழ போயிருச்சு" என்றாள். "இரும்மா, முக்கியமா பேசிட்டிருக்கோம்ல" என்றார் டாக்டர். அவள் ஒரு தரம் ஊதினாள். கலம் இறங்கி, எழும்பிய இடத்திலேயே உட்கார்ந்தது. டீ ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. குமிழ் ஊதாதான் என்று முடிவாயிற்று.

அது எந்தக் கலத்தின் பிரதி என்பதைச் சொல்லிவிட வேண்டும். டாக்டர் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் தொலைக்காட்சியில் ஒரு தொடர் வந்தது. ஒரு விண்கலம், ஒரு கேப்டன், வாரத்துக்கு ஒரு கிரகம். பார்க்க ஆளில்லாமல் பாதியில் நிறுத்தப்பட்டு, நிறுத்திய பிறகு பார்க்க ஆள் சேர்ந்த தொடர் அது. செட் போட்டவர்கள் கையில் காசில்லாமல் கிடைத்ததையெல்லாம் எடுத்து ஒட்டியிருந்தார்கள். சுவர் முழுக்க வெள்ளி வண்ணம் பூசிய முட்டை அட்டை. கேப்டனின் நாற்காலி ஒரு முடிதிருத்தும் கடையில் கழித்துக்கட்டியது. குமிழ்கள் எல்லாம் ஷாம்பூ பாட்டில் மூடிகள், அவற்றுக்குப் பின்னால் ஒரு கம்பிகூடக் கிடையாது. கறுப்புத் துணியில் ஊசியால் குத்திய ஓட்டைகளும் பின்னால் எரிந்த பல்பும் சேர்ந்து நட்சத்திர மண்டலம். பகைவர்கள் கலத்தைத் தாக்கும்போது கேமராக்காரர் கேமராவைச் சாய்ப்பார், நடிகர்கள் எல்லாரும் ஒரே பக்கமாகச் சாய்வார்கள், ஒரே ஒருவர் மட்டும் வாரந்தவறாமல் எதிர்ப்பக்கம் சாய்வார்.

இதை டாக்டர் ஓர் அட்டைக்குழி பிசகாமல் கட்டினார். அந்தக் காலத்து முட்டை அட்டைக்குக் குழி ஆழம் அதிகம் என்று கோழிப்பண்ணை கோழிப்பண்ணையாக அலைந்ததில் ஒரு வருட விடுமுறை போயிற்று. ஷாம்பூ மூடிக்காக இன்னொரு வருட விடுமுறை போயிற்று. ஓர் அத்தியாயத்தில் மைக்கின் நிழல் தவறிப்போய்ச் சுவரில் விழுந்திருந்தது, அந்த நிழலையும் அதே இடத்தில் சாம்பல் நிறத்தில் வரைந்து வைத்தார். தச்சர் யாரோ மறந்துவிட்டுப் போன சுத்தியல் ஒன்று தொடரின் கடைசி வருடம் முழுக்க மூலையில் தெரிந்தது. இங்கேயும் அந்த மூலையில் ஒரு சுத்தியல் கிடந்தது, அதை எடுத்து ஒரு ஆணி அடிக்க வீட்டில் யாருக்கும் உரிமை இல்லை. கிளினிக்கில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பவர்களிடம் தொடரின் பெருமைகளைப் பேசிக்கொண்டே பல்லைப் பிடுங்குவார். பஞ்சு அடைத்த வாயோடு யாரும் எதிர்த்துப் பேசாததால், ஊருக்கே அந்தத் தொடர் பிடிக்கும் என்று மனதார நம்பினார்.

டைம்கீப்பரின் கதை வேறு. அவளுடைய அக்கா மலைமேல், பேருந்துத் தடத்தின் கடைசி நிறுத்தத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அந்த ஊர்ப் பெயரைத் தினமும் வாய் வலிக்கக் கூவி, விசில் ஊதி, வண்டியை அனுப்பி வைப்பவள் தங்கைதான். ஆனால் அவள் ஒரு தடவைகூட அங்கே போனதில்லை. வண்டி ஏறினால் அவளுக்கு வாந்தி. முதல் வளைவிலேயே குடல் வாய்க்கு வந்துவிடும். டெப்போவில் இதைச் சொல்லிச் சிரிக்காத டிரைவர் கிடையாது. "மெதுவா நம்ம வண்டி ஒண்ணு எடுத்துக்கிட்டு, வளைவுக்கு வளைவு நிறுத்தி நிறுத்திப் போலாம், அடுத்த லீவுக்குக் கண்டிப்பா" என்று கல்யாணமான புதிதில் டாக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். அடுத்த லீவெல்லாம் முட்டை அட்டைக்கும் மூடிக்கும் போய்விட்டது. அக்காதான் வருடத்துக்கு ஒருமுறை இறங்கி வந்துகொண்டிருந்தாள். மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவளாலும் படி இறங்க முடியவில்லை. போனில் குரல் மட்டும் இறங்கி வந்தது, அதுவும் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது.

பறந்த செய்தி பக்கத்து வீட்டம்மா மூலமாகத்தான் டாக்டருக்கு எட்டியது. நிழல் விழுந்து போர்வை காயவில்லை என்று அவள் படியேறி வந்து சண்டை பிடித்தாள். டாக்டர் நம்பவில்லை. மனைவி அவரை உள்ளே நிற்கவைத்து இரண்டு தரம் ஊதிக் காட்டினாள். தெருவிளக்கு உயரத்தில் அவர் முகம், ரூட் கேனால் என்று கேள்விப்பட்ட நோயாளியின் முகமாகிவிட்டது. அவளுக்கோ உள்ளுக்குள் வேறொன்று ஓடியது. வயிற்றைப் புரட்டவில்லை. ஆட்டமே இல்லை. யோசித்தால் நியாயம்தான், தொடரிலும் கலம் ஆடியதில்லை, ஆடியதெல்லாம் நடிகர்கள். தரை இறங்கியதும் அவள் கேட்ட முதல் வார்த்தை, "அக்காவ ஒரு தடவ பாத்துட்டு வந்துரலாமாங்க? ஒரே ஒரு தடவ" என்பதுதான். டாக்டர் குமிழ்களைத் துடைத்துக்கொண்டே, "முதல்ல கழகம் என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்றார்.

கழகம் என்றால் அதன் தலைவர். ஓய்வுபெற்ற நில அளவையாளர். நல்லா இருக்கீங்களா என்று விசாரித்தால்கூட எதை வைத்துக் கேட்கிறீர்கள் என்று மடக்குவார் என்பதால் அவருக்கு ஆதாரம் என்று பெயர் வந்துவிட்டது, அவர் வீட்டிலும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். எந்தப் பிரதி மூலத்தோடு முழுக்க ஒத்துப்போகிறதோ அதன் வாசலில் கழகம் ஒரு பித்தளைத் தகடு பதிக்கும். இதுவரை யாருக்கும் பதித்ததில்லை. டாக்டர் தன் வாசலில் அதற்காக வருடக்கணக்கில் ஒரு சதுர இடத்துக்கு வண்ணம் பூசாமல் விட்டு வைத்திருந்தார்.

ஆதாரம் பூதக்கண்ணாடியோடு வந்து, கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்து, "பறக்க விடுங்க" என்றார். டைம்கீப்பர் விசில் ஊதினாள். ஊர் கீழே சரிந்தது, ஆறு வளைந்து வளைந்து போவது தெரிந்தது. திறந்த பக்கமாக ஒரு மேகம் உள்ளே வந்து எல்லாருடைய கண்ணாடியையும் நனைத்துவிட்டு, முட்டை அட்டைக் குழிகளில் கொஞ்சம் தங்கி, மறுபக்கமாகப் போயிற்று. கழகத்தாரில் ஒருவர் பழக்கதோஷத்தில் இடப்பக்கம் சாய்ந்தார். ஆதாரம் ஆற்றையும் பார்க்கவில்லை, மேகத்தையும் பார்க்கவில்லை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மைக் நிழலின் நீளத்தை அளந்தார். இறங்கிய பிறகு தீர்ப்புச் சொன்னார். நிழல் சரி, சுத்தியல் சரி, குமிழ் ஊதாதான். "ஆனா மூலத்துல கலம் ஒரு அங்குலம்கூட எழும்புனதா ஆதாரம் இல்ல. பறக்குறது பெரிய குறை. சரி பண்ணிட்டுச் சொல்லுங்க, தகடோட வர்றோம்."

பறக்கும் கலத்தை வைத்திருக்கும் ஒரு மனிதர் அதைக் கேட்டு என்ன செய்வார்? டாக்டர் அழுதார், அதுவும் வெட்கத்தால். தன் கைவேலையில் இப்படி ஒரு பிழை நேர்ந்துவிட்டதே என்று மனம் உடைந்துபோனார். மறுநாளே எலக்ட்ரீசியனைக் கூட்டிவந்து, பறக்கும் இணைப்பு எதுவோ அதை வெட்டச் சொன்னார். எலக்ட்ரீசியன் குமிழ்ப் பலகைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்து, "சார், கனெக்ஷனே இல்லாதத எப்படி சார் கட் பண்றது?" என்று தலையைச் சொறிந்தான். வெல்டர் வந்து நான்கு மூலையிலும் சங்கிலி போட்டுத் தரையோடு இறுக்கிப் பூட்டினார். டாக்டர் கடைசியாக மனைவியின் விசிலை வாங்கி, பல் அச்சுகள் இருக்கும் அலமாரியில் வைத்துப் பூட்டினார். அவள் மறுபடியும் கேட்டாள். அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லையாம், ராத்திரியெல்லாம் தங்கை பெயரையே சொல்கிறாளாம் என்றாள். "யாராவது பாத்துட்டா இத்தன வருஷ உழைப்பும் வீணாப் போயிரும்மா. தகடு வரட்டும். அப்புறம் பாப்போம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். அன்றைக்கு அவள் சமையலறையில் நின்று, தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு, ஆத்திரம் தீர அழுதாள். மறுநாள் டெப்போ ஸ்டோரில் இன்னொரு விசில் வாங்கிக்கொண்டாள். டெப்போவில் விசிலுக்கா பஞ்சம்.

தகடு தருகிற நாளில் கழகத்தார் இஸ்திரி போட்ட சீருடையில் வந்து இறங்கினார்கள். ஆதாரம் படியேறி வந்து பார்த்த மாத்திரத்தில் முகம் சுளித்தார். "சங்கிலியா? மூலத்துல எங்க சங்கிலி இருந்துச்சு?" டாக்டர் பதறிப்போய்ச் சாவியைத் தேடி எடுத்து, தன் கையாலேயே நான்கு சங்கிலியையும் கழற்றினார். கழகத்தார் ஒரு வாய் டீ குடிக்கக் கீழே இறங்கினார்கள். சங்கிலியைச் சுருட்டி ஓரமாகப் போட்டுவிட்டு டாக்டர் நிமிர்ந்தபோது, கேப்டன் நாற்காலியில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பை, அதில் அக்காவுக்கு ஒரு கம்பளியும் மாத்திரைகளும்.

"எறங்கும்மா. அவங்க இப்ப மேல வந்துருவாங்க."

"நீங்களும் ஏறிக்குங்க. பக்கத்துல எடம் இருக்கு."

டாக்டர் அந்த இடத்தைப் பார்த்தார். படிக்கட்டைப் பார்த்தார். கீழே தகட்டைத் துணியால் துடைக்கும் சத்தம் கேட்டது. "அஞ்சு நிமிஷம் இரு. தகட மட்டும் வாங்கிட்டு ஓடி வந்துர்றேன்" என்றார். உண்மையாகவே வந்திருப்பார், பொய் சொல்லத் தெரியாதவர். ஆனால் அந்த அஞ்சு நிமிஷத்துக்குள் தன் கல்யாண வாழ்க்கை மொத்தமும் போயிருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. துக்கமாகத்தான் இருந்தது. தினமும் கூவும் அதே குரலில் அக்காவின் ஊர்ப் பெயரைக் கூவினாள். வழக்கம்போல, ஓடி வருகிறவர் யாராவது உண்டா என்று ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். பிறகு இரண்டு தரம் ஊதினாள். மழைக்குக் கட்டியிருந்த தார்ப்பாயைத் தலையால் தள்ளிக்கொண்டு கலம் மேலே போயிற்று. தார்ப்பாய் பக்கத்து வீட்டுப் போர்வைகள்மேல் விழுந்தது.

கழகத்தார் மேலே வந்தபோது வெறும் தரைதான் இருந்தது. செட் நின்ற இடத்தைச் சுற்றிக் கோந்துக் கறை, கொஞ்சம் மரத்தூள், உதிர்ந்த வெள்ளி வண்ணம். டாக்டர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஆதாரம் மண்டியிட்டு, பூதக்கண்ணாடியால் கோந்துக் கறையை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு பழைய புகைப்படத்தை எடுத்தார். தொடரை நிறுத்திய மறுநாள் செட்டைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள், அதற்குப் பிறகு வெறிச்சோடிக் கிடந்த ஸ்டுடியோத் தரையின் படம் அது. படத்தைத் தரையோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். கறைக்குக் கறை, தூளுக்குத் தூள் ஒத்துப்போயிற்று. எழுந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. "அப்படியே இருக்கு டாக்டர். ஒரு குறைகூட இல்ல" என்றார். தகடு அன்றைக்கே வண்ணம் பூசாத அந்தச் சதுரத்தில் ஏறிற்று.

அதன்பிறகு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, வெறும் தரையைச் சுற்றி நின்று, கோந்துக் கறை பழுப்பா மஞ்சளா என்று சண்டை போட்டார்கள். மாடியைப் பெருக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு போட்டார். மழை வந்தால் தானே குடையைப் பிடித்துக்கொண்டு மரத்தூளுக்குக் காவல் நின்றார்.

மலைமேல் அக்காவின் வீட்டு மாடியில் கலம் இறங்கியபோது, அக்கா கட்டிலிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணக் கூடாதா? வீடு கெடக்குற கெடப்பப் பாரு" என்று திட்டினாள். திட்டி முடித்ததும் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அந்த வாரமே அவளுக்குச் சாப்பாடு இறங்கியது. மூட்டு வலியும் மாத்திரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டது. தங்கை அங்கேயே தங்கிவிட்டு, டெப்போ வேலைக்குக் கலத்திலேயே வந்து போனாள். சும்மா போகிற வண்டிதானே என்று வாந்திக்காரர்கள் நாலைந்து பேர் ஏறினார்கள், பிறகு மற்றவர்களும் ஏறினார்கள். டெப்போ அதற்கு ஒரு தட எண் கொடுத்தது, நிறுத்தங்கள் எழுதிப் பலகை வைத்தது. மூலையில் கிடந்த சுத்தியலால் அந்தப் பலகையை ஆணியடித்து மாட்டியவள் டைம்கீப்பர். திறந்த பக்கம் காற்று அடிக்கிறது, மழை நாளில் ஏழெட்டு நிமிஷம் தாமதம் என்று ஜனங்கள் மற்ற வண்டிகளைப் போலவே இதையும் திட்டினார்கள்.

நிறுத்தங்களில் ஒன்று பல் டாக்டர் வீடு. தினமும் சாயங்காலம் கலம் வந்து மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரை ஒட்டி நிற்கிறது. பார்வையாளர்கள் அதை நிமிர்ந்து பார்த்தால், "அதப் பாக்காதீங்க, அது அவ்வளவு சரியான பிரதி இல்ல" என்று டாக்டர் அவர்களைக் கறைப் பக்கம் திருப்பிவிடுகிறார். எல்லாரும் குனிந்த பிறகு, முதுகுக்குப் பின்னால் ஐந்து விரலை மட்டும் விரித்துக் காட்டுகிறார். டைம்கீப்பர் அதைப் பார்க்கிறாள். ஊர்ப் பெயரைக் கூவி, ஒரு தரம் எட்டிப் பார்த்து, இரண்டு தரம் ஊதுகிறாள். அந்த நிறுத்தத்தில் இதுவரை யாரும் ஏறியதில்லை. ஆனாலும் பலகையில் எழுதியிருப்பதால், வண்டி நின்றுதான் போகிறது.