மூன்று நாள் கூடாரம்

கூடாரப் பெட்டியில் ஒரு கிலோ எண்ணூறு கிராம் என்று போட்டிருந்தது. எங்கள் ஆபீஸ் தராசில் வைத்தால் இரண்டு கிலோ நூற்றைம்பது. முளையையும் கயிற்றையும் யார் கணக்கில் சேர்ப்பது, என் மாமனாரா? இப்படித்தான் ஏமாற்றுகிறார்கள். ரெம்பாவ் பக்கத்துச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் நான் இருபத்தாறு வருடமாகக் கிராணி. வெட்டுக்காரர்கள் கொண்டுவரும் குலைகளைப் பார்த்து, நிறுத்து, எழுதுவதுதான் என் பிழைப்பு. காய்க்குலையை அடியில் போட்டு மேலே பழுத்ததை அடுக்கிக்கொண்டு வருகிறவனை வண்டி நிற்பதற்கு முன்பே பிடித்துவிடுவேன். "ஹேமநாதன் கிராணி கண்ணுல மண்ணத் தூவ முடியாதுலா" என்று அவர்களே சொல்வார்கள். அந்தப் பேரில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. நானே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் சொல்ல வேண்டாம்.

மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனதும் வீட்டில் நானும் மாதவியும்தான். பழைய இருநூற்றைம்பது சிசி மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினேன். சனிக்கிழமை கிளம்பி எங்காவது ஆற்றோரம், கடலோரம் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு ஞாயிறு திரும்புவது என்று திட்டம். அதற்கு ஏற்ற கூடாரம் வேண்டும். இரண்டு கிலோவுக்கு மேல் போனால் மாதவி பின்னால் உட்கார்ந்திருக்கையில் வளைவில் வண்டி இழுக்கும். கம்பி மடித்தால் நாற்பது சென்டிமீட்டருக்குள் வர வேண்டும், இல்லாவிட்டால் பக்கப்பெட்டி மூடாது. நம்ம ஊர் மழைக்கு இரண்டு அடுக்குத் துணி இல்லாமல் முடியாது. இரண்டு பேர் படுக்கலாம் என்று எழுதியிருந்தால் ஒன்றரை ஆள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் மூன்று மாதம் போனில் பார்த்துப் பார்த்து மாதவியின் தலையைத் தின்றுவிட்டேன்.

தம்பின் டவுனில் சித்திக் பாய் கடை. மோட்டார் சாமான், ஹெல்மெட், கூடாரம் எல்லாம் வைத்திருக்கிறார். பழகின ஆட்களுக்கு அவர் ஒரு வசதி செய்து கொடுப்பார். கூடாரத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் ஹாலில் ஒரு தடவை விரித்துப் பார்க்கலாம், வண்டியில் கட்டிப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் மூன்று நாளில் திருப்பிக் கொடுக்கலாம். எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது. "படுக்க மட்டும் வேணாம்ணே, மழையில வைக்க வேணாம்" என்பார். அவ்வளவுதான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? முதல் கூடாரத்தை வெள்ளிக்கிழமை எடுத்தேன், சனிக்கிழமை உலு பெண்டுல் ஆற்றோரம் அதில் படுத்தோம், திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்தேன். "கம்பி நீளமா இருக்கு பாய், ஹால்ல பத்து நிமிஷம் வச்சுப் பார்த்தேன், அவ்வளவுதான்" என்றேன். வாய் கூசவில்லை. இரண்டு வாரம் கழித்து இரண்டாவது கூடாரம். போர்ட்டிக்சன் கடற்கரை. நல்ல காற்று, மாதவி பாட்டெல்லாம் பாடினாள். "கால நீட்டுனா இடிக்குது பாய்" என்று அதையும் திருப்பினேன். மாதவியிடம், பாய் வாடகைக்குக் கொடுத்தது என்று சொல்லியிருந்தேன். சரியானது கிடைக்கும்வரை இப்படியே நாலைந்து இடம் பார்த்துவிடலாம் என்று உள்ளுக்குள் ஒரு கெட்டிக்காரத்தனம்.

அதிலும் என் தொழில் புத்தியைப் பாருங்கள். திருப்பிக் கொடுக்கும் முன் ஈரத்துணியால் துடைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் தையலோரம் தேய்த்து, காற்றாடியில் காயவைத்து, ஆபீஸ் தராசில் நிறுத்தேன். மணல் தங்கியிருந்தால் எடை காட்டிக் கொடுத்துவிடும் அல்லவா? முதல் கூடாரம் எடுத்தபோதும் இரண்டு கிலோ நூற்றைம்பது, திருப்பும்போதும் இரண்டு கிலோ நூற்றைம்பது. கிராம் பிசகவில்லை. நிம்மதியாகப் பையில் போட்டேன்.

மூன்றாவது கூடாரம் பார்க்கப் போன சனிக்கிழமை, பாய் முகம் சரியில்லை. எப்போதும் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கும் ரதியைக் காணோம். ரதி எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் லயத்துப் பெண். புருஷன் லாரியில் ஜொகூருக்கு ஓடுகிறான், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். நாலு வருடமாகப் பாய் கடையில்தான் வேலை.

பாய் என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனார். கல்லாவிலிருந்து எடுத்து வந்த ஒரு துண்டுக் காகிதத்தைக் காட்டினார். காகிதத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. அரக்கு நிறம், நடுவில் வெள்ளைக் கல், சுற்றிலும் பொடிக் கற்கள்.

"நீங்க திருப்பிக் குடுத்த டென்ட்ட மேல் மாடியில விரிச்சு வச்சிருந்தோம்ணே. நேத்து ஒரு கஸ்டமர் உள்ள படுத்துப் பார்த்துட்டு இத எடுத்துக் குடுத்துட்டுச் சிரிக்கிறான். தலமாட்டுப் பக்கம் ஒட்டியிருந்துச்சாம். எனக்கு மானம் போச்சு."

எங்கள் வீட்டு அலமாரிக் கண்ணாடியின் ஓரத்தில் அதே பொட்டு ஏழெட்டு ஒட்டியிருக்கிறது. படுக்கப் போகும்முன் நெற்றியிலிருந்து எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவைப்பது மாதவியின் பழக்கம். கூடாரத்தில் கண்ணாடிக்கு எங்கே போவாள்? கைக்கு எட்டின துணியில் ஒட்டியிருக்கிறாள்.

"கடையில பொட்டு வைக்கிற பொண்ணு ரதி ஒருத்திதான்," என்றார் பாய் மெதுவாக. "மாடிச் சாவியும் அவகிட்டதான். புருஷனும் ஊர்ல இல்ல. யாரக் கூட்டிட்டு வந்தாளோ, என்னமோ. எனக்குக் கேக்க வாய் வரல. கொஞ்ச நாளைக்கு வராதம்மான்னு மட்டும் சொல்லி அனுப்பிட்டேன்."

"வேற யாராவது..." என்று இழுத்தேன்.

"வேற யாருண்ணே? உங்க வீட்டுல இருந்து வந்தப்புறம் அது மாடிய விட்டு எறங்கல. நீங்க பத்து நிமிஷம் விரிச்சீங்க, மடிச்சீங்க. உங்களயா சந்தேகப்பட முடியும்?" என்று என் தோளைத் தொட்டார். "நீங்க தோட்டத்துல பெரியவங்க. நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க."

சொல்லியிருக்க வேண்டும். 'அது என் பெண்டாட்டி பொட்டு பாய்.' அவ்வளவுதான், ஒரு வரி. வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"சின்னப் பொண்ணு பாய். ஏதோ தெரியாமப் பண்ணியிருக்கும். மன்னிச்சு விட்டுடுங்க."

பாய் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "உங்களுக்காக விடுறேன்ணே. நாளைக்கே வரச் சொல்றேன்," என்றார். போகும்போது, புதிதாக வந்த ஒரு கூடாரத்தையும் கையில் கொடுத்தார். ஒரு கிலோ அறுநூறு. "உங்களுக்குன்னே எடுத்து வச்சேன். வச்சுப் பாருங்க."

வெட்கங்கெட்டவன், வாங்கிக்கொண்டேன். ரெம்பாவ் ரோட்டில் வரும்போது மனசுக்குச் சமாதானம் கூடச் சொல்லிக்கொண்டேன். அவளுக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது, யாருக்கும் நஷ்டமில்லை, விஷயம் முடிந்தது. அன்று சாயங்காலமே ரதி வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு கட்டு பெத்தாய்க் காய், நீள அவரை மாதிரி இருக்கும், வாசம் தூக்கும்.

"நீங்க பேசுனதாலதான் மொதலாளி திரும்பக் கூப்புட்டாருன்னு சொன்னாங்கய்யா. எதுக்கு நிப்பாட்டுனாங்கன்னே தெரியாம ராத்திரியெல்லாம் அழுதேன். எங்க வீட்டுப் பின்னால காய்ச்சது, அக்காகிட்டக் குடுங்க." கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மாதவி அந்தப் பெத்தாயோடு நெத்திலி போட்டு மிளகாய்ச் சம்பால் செய்தாள். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். இன்றைக்கு நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். வாசலில் ரதியின் மோட்டார் சத்தம். செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் நின்றாள்.

"ஐயா, எதுக்கு என்னை மன்னிக்கச் சொன்னீங்க?"

நான் பேப்பரை மடித்தேன்.

"நான் என்ன பண்ணேன்? இன்னிக்கு மொதலாளி புத்தி சொல்றாரு. 'இனிமே மாடியில அந்த மாதிரி வேலை வேணாம்மா, கிராணி சொன்னதால விட்டேன்'னு. எந்த மாதிரி வேலைன்னு கேட்டேன். சொன்னாருய்யா. காது குடுத்துக் கேக்க முடியல. நான் ஆம்பளயக் கூட்டிட்டு வந்து டென்ட்ல படுத்தேனாம்! எங்க வீட்டுக்காரரு காதுல விழுந்தா என்னாகும்? நீங்க என்னைச் சின்ன வயசுலேருந்து பாக்குறீங்க. அப்படிப் பண்ண மாட்டாள்னு சொல்லாம, மன்னிச்சு விடுங்கன்னு சொல்லியிருக்கீங்க. அப்படின்னா நீங்களும் நம்புனீங்களா?"

உள்ளேயிருந்து மாதவி வந்தாள். "என்னடி ரதி, என்ன ஆச்சு?"

"ஒரு பொட்டு அக்கா! டென்ட்டுக்குள்ள ஒரு பொட்டு கெடந்துச்சாம். அரக்குக் கலர், கல்லு வச்சது. நான் என்னிக்குக்கா கல்லு பொட்டு வச்சேன்? நாலு வருசமா இந்தக் கறுப்புப் புள்ளிதான். ஒரு நாளாவது என் மூஞ்சியப் பார்த்திருந்தா மொதலாளிக்குத் தெரியாதா?"

மாதவியின் கை தானாக நெற்றிக்குப் போனது. அரக்கு நிறம், நடுவில் வெள்ளைக் கல். ரதி அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். இருபத்தாறு வருடம் எத்தனையோ பேர் என் தராசின் முன்னால் அப்படித் தரையைப் பார்த்து நின்றிருக்கிறார்கள். நான் கத்திக்கொண்டே இருந்திருக்கிறேன்.

"அது என் பொட்டுடி," என்றாள் மாதவி. "போர்ட்டிக்சன்ல ஒட்டினேன். வாடகை டென்ட்டுன்னு இந்த மனுசன் சொன்னாரு." என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, பாய் உங்கள்ட்ட இதக் காட்டினாரா?"

"காட்டினாரு."

"என்னோடதுன்னு தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சு."

மாதவி தலையில் அடித்துக்கொண்டு கதவில் சாய்ந்தாள். ரதி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் குடுத்த பெத்தாயத் திருப்பிக் குடுங்கய்யா," என்றாள்.

"சாப்புட்டாச்சும்மா," என்றேன். அந்தக் குரல் எனக்கே கேட்கவில்லை.

மாதவி உள்ளே போய் அலமாரியிலிருந்து தன் பொட்டு அட்டையைக் கொண்டுவந்து என் சட்டைப் பையில் திணித்தாள். கட்டிலடியில் கிடந்த மூன்றாவது கூடாரத்தையும் எடுத்து மடியில் போட்டாள். "போங்க. போய்ச் சொல்லிட்டு வாங்க. சொல்லாம வீட்டுக்கு வராதீங்க."

ரதி மோட்டாரில் முன்னால் போனாள், நான் என் வண்டியில் பின்னால் போனேன். தம்பின் வரைக்கும் அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வேலை முடிந்து வருகிற நேரம், கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று வாசலில் கொஞ்சம் நின்றேன். ரதி கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். உள்ளே போனேன்.

"பாய், அந்தப் பொட்டு என் சம்சாரத்தோடது." அட்டையைக் கல்லாமேல் வைத்தேன். அதே அரக்குப் பொட்டு, மூன்று மீதமிருந்தது. "ரெண்டு டென்ட்லயும் நாங்க படுத்தோம். ஹால்ல விரிச்சேன்னு சொன்னது பொய்."

ஹெல்மெட் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பினார்கள். பாய் கல்லாவைச் சுற்றி வெளியே வந்து ரதியின் முன்னால் நின்றார்.

"மன்னிச்சிரும்மா. உன்னைத் தப்பா நெனச்சுட்டேன். எனக்கும் பொண்ணு இருக்கு."

ரதி தலையாட்டினாள். கண் நிறைந்திருந்தது. துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கடையே என்னைப் பார்த்தது. அவளுக்காக மன்னிப்புக் கேட்டபோது எவ்வளவு லேசாக வந்தது இந்த வார்த்தை!

"மன்னிச்சிரும்மா," என்றேன்.

"எதுக்குய்யா?"

நான் கூடாரப் பையைக் கைமாற்றிப் பிடித்தேன்.

"எதுக்குன்னு சொல்லுங்க. எனக்காக மன்னிப்புக் கேட்டப்பவும் எதுக்குன்னு நீங்க சொல்லல."

"பாய்கிட்டப் பொய் சொன்னதுக்கு," என்றேன். "உம்மேல பழி விழுந்தப்ப, தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு நின்னதுக்கு." அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவள் நகரவில்லை. "நீ கும்பிட்டப்ப வாங்கிக்கிட்டதுக்கு. உன் பெத்தாயத் தின்னதுக்கு."

யாரும் சிரிக்கவில்லை. ரதி கல்லாவுக்குப் பின்னால் போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டு, ஹெல்மெட் பார்த்தவரிடம், "என்ன சைஸ் வேணும்ணே?" என்று கேட்டாள்.

நான் மூன்றாவது கூடாரத்தைப் பாயிடம் நீட்டினேன். எப்போதும் அப்படியே வாங்கி அலமாரித் தட்டில் வைக்கிறவர், இந்தத் தடவை பையின் கயிற்றை அவிழ்த்தார். எல்லார் முன்னாலும் தரையில் விரித்தார். முழங்காலில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தலைமாட்டுத் துணி, கால்மாட்டுத் துணி, ஒவ்வொரு மூலை, ஒவ்வொரு தையல் என்று கையால் தடவிப் பார்த்தார்.

அந்த ஒரு கூடாரத்தில் மட்டும் நாங்கள் உண்மையாகவே படுக்கவில்லை. பைகூடப் பிரிக்கவில்லை. அதை நான் பாயிடம் சொல்லவில்லை. அவர் பார்த்து முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.