பன்னிரண்டாம் எண் சட்டை

புது சீசனின் முதல் நாள். கல்லூரி மைதானத்தில் பதினாறு பேர் வரிசையில் நின்றார்கள். முக்கால்வாசிப் பேர் முதலாமாண்டு. மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. கோச் என்ற முறையில் பழைய சட்டைகளை நான்தான் பிரித்துக் கொடுத்தேன். எல்லாம் வெளுத்துச் சாயம் போனவை. பன்னிரண்டாம் எண் மட்டும் புதுக்கருக்கு அழியாமல் இருந்தது.

அது எங்கள் இரண்டாவது கோல்கீப்பருடையது. மூன்று வருடமும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். போன சீசனின் கடைசி ஆட்டத்தில் நாங்கள் நாலு கோல் முன்னிலை; பத்து நிமிடம்தான் பாக்கி.

"சார், நான் இறங்கட்டுமா?"

"நச்சரிக்காதடா! அடுத்த சீசன் முழுக்க நீதான்" என்று எரிந்து விழுந்தேன்.

"சரி சார்" என்றான்.

அவன் இறுதியாண்டு என்பது, சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு என் மேசையில் வைத்துவிட்டுப் போனபோதுதான் எனக்கு உறைத்தது.

இன்று அதைப் புதுக் கோல்கீப்பரிடம் நீட்டினேன். புரட்டிப் பார்த்தவனுக்கு வாயெல்லாம் பல்.

"எனக்கு மட்டும் புதுசா சார்?"

"இல்லடா," என்றேன். "மூணு வருஷம் ஒருத்தன் போட்டது."