தெருவுக்கு ஒரு கார்டு

பம்பரம் நன்றாக விற்றது. அதுதான் பாண்டிச்செல்வியின் நிம்மதியைக் கெடுத்தது.

பம்பரம் என்பது இரண்டு கைக்குள் அடங்கும் ஒரு கேம் மிஷின். கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, அவளும் உடன் படித்த இம்மானுவேலும் அதைச் செய்துகொண்டிருந்தார்கள். திரை, சிப்பு, பேட்டரி, கூடு எல்லாம் சேர்ந்து அடக்கவிலை ஆயிரத்து முந்நூற்றுப் பத்து. விற்பது ஆயிரத்து இருநூறுக்கு. தெரிந்தேதான் அப்படி வைத்தார்கள். பெரிய கம்பெனிகள் சில மிஷினை நட்டத்துக்குத் தள்ளிவிட்டு கேமில் சம்பாதிப்பதாக அவள் படித்திருந்தாள். மிஷினில் செருகும் கார்டில்தான் கேம் இருக்கும்; ஒரு வீடு இரண்டு கேம் கார்டு வாங்கினாலே நட்டம் கழிந்து லாபம் கையில் நிற்கும்.

கார்டுதான் நகரவே இல்லை.

"யாவாரம் அமோகமா போகுது செல்வி" என்றான் இம்மானுவேல். "இன்னும் கொஞ்சம் வித்தோம்னா கொட்டகையைக் காலி பண்ணிறலாம்."

"கிண்டலை விடுடா. வழியச் சொல்லு."

"வெலய ஏத்து. இல்லாட்டி கார்டைப் பூட்டு. முதல்ல எந்த மிஷின்ல போடுறாகளோ, அதுல மட்டும் ஓடட்டும்."

"வெலய ஏத்த மாட்டேன். பூட்டுறதுக்கு முன்னாடி, ஏன் வாங்கலன்னு போய்ப் பாத்துட்டு வாரேன்."

ஷேர் ஆட்டோ பிடித்து அவனியாபுரம் போனாள். அங்கேதான் பம்பரம் அதிகம் போயிருந்தது. இட்லிக்கடை மீனா, கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து ஜல்லிக்கட்டு கேம் விளையாடிக்கொண்டிருந்தாள். கார்டு யாருடையது என்று கேட்டதற்கு மீனா நிமிரவே இல்லை.

"தெருவுதுதான். காலைல எங்கிட்ட, மத்தியானம் டெய்லர் வீட்டுல, பொழுது சாஞ்சா மேலத்தெருவுக்குப் போயிரும். இதுக்குப் போயி வீட்டுக்கு ஒண்ணு வாங்குவாகளாக்கும்?"

பாண்டிச்செல்விக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்து வீட்டில் கிரைண்டர் இருந்தால் நம் வீட்டு மாவும் அதில்தான் அரைபடும். இதே ஊரில் பிறந்து வளர்ந்தவள், எங்கோ கடல் தாண்டிய ஊர்களின் கணக்கை அப்படியே கொண்டுவந்து இங்கே வைத்திருந்தாள்.

"நல்ல கேமுதான்" என்றாள் மீனா. "ஆனா ஊர் பேர் தெரியாத மாடா ஓடுது. நம்ம சுருளி அண்ணே மாடு இல்லாம அது என்ன ஜல்லிக்கட்டு?"

பாண்டிச்செல்வி பையைத் தோளில் மாட்டினாள். பிறகு, "சுருளி அண்ணே வீடு எங்கக்கா?" என்றாள்.

சுருளி தொழுவத்தில் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். கருத்த மாடு. திமிலில் தண்ணீர் வழிய, மழையில் நனைந்த ஒரு சிறு குன்று போல நின்றது. அந்த மாட்டை கேமில் ஓடவிடலாம் என்று அவள் சொன்னதும் சுருளி குழாயை மூடினார்.

"எம் மாடு பேரோட வருமா?"

"உங்க பேரோட, தெருப் பேரோட வரும்ணே. வாடிவாசல்ல மைக்குல சொல்ற மாதிரி அறிவிப்பும் உண்டு. ஐயாயிரம் ஆகும்."

"பத்தாயிரம் தாரேன். ஆனா ஒருத்தன் கை அதோட திமில்ல படக்கூடாது. நெசத்துலயும் பட்டதில்ல, பொட்டியிலயும் படக்கூடாது."

பத்தாயிரம் என்றால் தொண்ணூறு பம்பரத்தின் நட்டம் ஒரே வீட்டில் தீரும். வாயில் வந்த 'சரி'யை அவள் விழுங்கினாள்.

"முடியாதுண்ணே. பிடிக்கவே முடியாத மாட்டை ரெண்டு தடவை வெளயாடுவாக, மூணாவது தடவை தூக்கிப் போட்டுருவாக. கஷ்டமா வைக்கிறேன். முடியாததா வைக்க மாட்டேன்."

"அப்ப நீ கெளம்பு."

அவள் கிளம்பவில்லை. "வாடிவாசலைத் தாண்டுனதும் இது என்ன செய்யும்? அதை மட்டும் சொல்லுங்க. அப்படியே வைக்கிறேன். அதுக்குப் பெறகும் ஒருத்தன் பிடிச்சா, அவன் வீரன்தானே?"

சுருளி மாட்டின் கழுத்தைத் தடவினார்.

"தாண்டாது" என்றார். "வாசல்லயே நிக்கும். நின்னு பாக்கும்."

பாண்டிச்செல்வி போனை எடுத்துப் படம் பிடித்தாள். சுருளி கைலியை மடித்துக் கட்டினார். தலையைத் தாழ்த்தினார். இடப்பக்கம் போவதுபோல் போக்குக் காட்டி, சட்டென்று வலப்பக்கம் சுழன்றார். மண் பறந்தது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அவர் மனைவி அழகம்மாள், "யாரைப் படம் புடிக்கிற தாயி? மாடு இந்தா சும்மா நிக்குது, மனுசன்ல துள்ளுறாரு!" என்றாள்.

"நீ உள்ள போ" என்ற சுருளிக்கு மூச்சு வாங்கியது. "இதுல அந்தச் சுழட்டு முக்கியம். அது மட்டும் தப்புச்சு, கொன்னுருவேன்."

"தப்பாதுண்ணே."

"ஐயாயிரத்துக்கு மேல சல்லிக்காசு தர மாட்டேன்."

"கேக்கவும் மாட்டேன்."

"அப்புறம், எதிர்வீட்டு ராஜபாண்டி மாட்டையும் போடு. அதை எல்லாரும் பிடிக்கணும்."

"அவரு மாடு எப்படியோ, அப்படித்தான் ஓடும்."

சுருளி வீட்டு வாசலில் நின்று இம்மானுவேலைப் போனில் அழைத்தாள். "கார்டைப் பூட்டாத. அது எம்புட்டு வீடு ஏறுதோ அம்புட்டு நல்லது. தன் மாடு அதுல ஓடுறதுக்குக் காசு மாட்டுக்காரவுக தருவாக."

"நட்டம்?"

"மிஷின்ல நட்டம் நட்டமாவே இருக்கட்டும். நாளைக்கே அடுத்த லாட்டுக்குத் திரை சொல்லிரு. வைக்கிறேன், வேலை கெடக்கு."

எதிர்வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு மாட்டின் கழுத்துமணி கேட்டது. அவள் தெருவைக் கடந்து போய், "ராஜபாண்டி அண்ணே!" என்று குரல் கொடுத்தாள்.