உள்பக்கம் அடித்த நீலம்

மூன்று வருடம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்த தம்பிக்கு வேலை கொடுக்க ஊரில் ஒரு நாதியில்லை. அடிதடி வழக்கென்றால் வாசலிலேயே கும்பிடு போட்டு அனுப்பிவிடுகிறார்கள். உள்ளே கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று, தேனீ வளர்ப்பு. அக்கா தன் புருஷனின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, மொட்டை மாடியில் இரண்டு பெட்டி வைக்க அனுமதி வாங்கினாள்.

"ஒரே ஒரு தடவைதான்," என்றார் அவர், பஸ் டிரைவர். "சொதப்புனா உன் தம்பி மூட்டையைக் கட்டணும். அப்புறம் மூக்கைச் சிந்திக்கிட்டு எங்கிட்ட வரக்கூடாது."

தம்பி பத்து நாள் பலகை அறுத்து, இழைத்து, பெட்டி செய்தான். வெளியே நீலப் பெயிண்ட் அடித்தான். உள்ளே, ஈக்கள் வாசனைக்கு ஒட்டிக்கொள்ளட்டுமென்று, பழைய தேன்மெழுகை உருக்கித் தேய்த்தான். பிறகு தேனீ வாங்க விடியற்காலை பஸ் ஏறினான்.

அக்காவுக்குக் கை சும்மா இருக்காது. மூடியைத் திறந்து பார்த்தாள். உள்ளே பழுப்பும் கறையுமாக, எண்ணெய்ச் சட்டி மாதிரி இருந்தது. "ஆம்பளை வேலை அரைகுறைதான்," என்று சிரித்துக்கொண்டாள். குடிவருகிற ஜீவன்களுக்கு வீடு துப்புரவாக இருக்க வேண்டாமா? வெந்நீரும் சோப்பும் போட்டுச் சுரண்டிக் கழுவினாள். வெயிலில் காயவைத்து, மிச்சமிருந்த பெயிண்டை உள்ளேயும் இரண்டு பூச்சு பூசினாள். இத்தனை நாளில் அன்றுதான் அவள் வாயில் பாட்டு வந்தது.

பொழுது சாயும் நேரம் தம்பி வலைக்கூண்டுகளோடு வந்து மூடியைத் திறந்தான். நெடி குப்பென்று அடித்தது. அவன் முகம் பேயறைந்தது போலாயிற்று. அக்காவின் நகக்கண்ணில் நீலம் இருந்தது.

"நல்லா இருக்காடா?"

"நல்லா இருக்குக்கா," என்றான்.

ஈக்கள் நாள் முழுக்கக் கூண்டில் புழுங்கியிருந்தன. ராத்திரியும் அதிலேயே கிடந்தால் தாங்காது. வேறு வழியில்லாமல் பெட்டியில் உதறினான்.

காலையில் இரண்டு பெட்டியும் காலி. அடியில் செத்தது போக, மற்றதெல்லாம் பறந்துவிட்டது. டிரைவர் குனிந்து மோந்து பார்த்தார்.

"மனுஷனே இதுல இருக்க முடியாது, ஈ இருக்குமா? எந்த முட்டாள் உள்ள பெயிண்ட் அடிச்சது?"

அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. நான்தான் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். சொன்னால் புருஷன் நாலு நாள் கத்துவார், தம்பி மேல் பழி வராது. அவள் வாய் திறந்தது, ஆனால் குரல் வந்தது தம்பியிடமிருந்து.

"நான்தான் மாமா. தெரியாம அடிச்சிட்டேன்."

அக்காவுக்கு வந்தது நன்றி இல்லை, நிம்மதி. பாவி, அந்த நேரத்தில் நிம்மதிதான் வந்தது.

"பத்து நாளா இதைத்தான் கிழிச்சியா? கிளம்பு."

தம்பி கீழே போய்த் துணிகளை ஒரு பையில் திணித்தான். அக்காவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பார்த்தால் அவள் உளறிவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும். டிரைவருக்கே கொஞ்சம் ஒரு மாதிரியாகிவிட்டது போலும்.

"சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லு," என்றார்.

"சாப்பிட்டுட்டுப் போடா," என்றாள் அக்கா. அதை மட்டும் சத்தமாகச் சொன்னாள்.